மருந்து ஒரு வேளையும் தவறவில்லை

மார்ச் 4
விதை பொறுக்கும் மேசை, சாப்பாட்டு இடைவேளை

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. அண்ணி போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நூற்று அறுபதுக்கு நூறாமே! அந்தப் பிரஷரை வைத்துக்கொண்டு பதினாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட்டின் தலைமேல் ஏறி நின்று கிரீஸ் தடவுகிறாய். ஐம்பத்து மூன்று வயதுக்கு இது தேவையா? காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதையும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் விழுங்குகிறாயாம்.

உன்னோடு போனில் பேசி மாளாது. நான் ஒன்று சொன்னால் நீ "யாரு? எந்த பேங்க்கு?" என்கிறாய். மோட்டார் அறைச் சத்தம் உன் காதைத் தின்றுவிட்டது. அதனால்தான் காகிதம் எடுத்தேன். படித்தாவது தொலை.

இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். நான் வேலை பார்க்கிற கூடத்தில் ஆகிற கொக்கோ. பழத்திலிருந்து எடுத்த விதையை நொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, தோல் நீக்கி உடைத்தது. அதற்கு மேல் ஒரு கையும் அதில் படவில்லை. சர்க்கரையும் இல்லை, பாலும் இல்லை. கடையில் கறுகறுவென்று தூள் விற்கிறார்களே, அதில் பலதைச் சோடா உப்பு மாதிரி ஒரு காரம் சேர்த்துக் கசப்பைப் போக்கியிருப்பார்கள். கசப்போடு நல்லதும் பாதி போய்விடும். இதில் இருக்கிறது இருக்கிறபடி இருக்கிறது. இரத்தக் குழாயைக் கொஞ்சம் இளக்கிக் கொடுக்கும் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். மக்னீசியம், இரும்பு எல்லாம் உண்டு. காலையில் ஒரு ஸ்பூன் போதும். நன்றாக மென்று தின்.

அப்பா மடிக்கிற மாதிரி காகிதத்தை மடித்துப் பார்த்தேன். மூலை சரியாக வரவில்லை. சிரிக்காதே.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


மார்ச் 19
மோட்டார் அறை, பதினைந்தாவது மாடி (பதினாலு இல்லை, எண்ணத் தெரியாதவளே)

அன்புள்ள மருந்துக்காரிக்கு,

பொட்டலத்தைப் பார்த்ததும் சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் சிரிக்க முடியவில்லை. நீ மேலே எழுதியிருந்தது அப்பா கையெழுத்து மாதிரியே இருந்தது: "காலை 1".

ஞாபகம் இருக்கிறதா? அப்பா கிளினிக்கில் கம்பவுண்டர். பொடி மடிக்கிற காகிதத்தில் ஆளுக்கு ஒரு துண்டு சாக்லேட் மடித்துக்கொண்டு வருவார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கேட்டால் "மருந்து" என்று சொல்ல வேண்டும். அலமாரிச் சாவி உன்னிடம் இருந்ததால்தான் மருந்துக்காரி என்ற பேரே வந்தது. எனக்கு ஒரு துண்டு தருவதற்குள் என் உயிரை வாங்கிவிடுவாய். நம் வீட்டில் மருந்து என்றால் என்றைக்கும் அதுதான். டாக்டர் கொடுப்பதற்குப் பேர் மாத்திரை.

இங்கேயும் அப்படியே ஆகிவிட்டது. காலையில் உன் அண்ணி டீ கிளாஸை வைத்துவிட்டு, "மருந்து தின்னாச்சா?" என்று கேட்கிறாள். ஒரு ஸ்பூன் வாயில் போட்டால் முகம் எட்டுக் கோணலாகப் போகிறது. ஐந்து நிமிஷம் கழித்து அடி நாக்கில் மெதுவாக ஒரு பழ வாசனை வருகிறது பார், அதற்காகவே தின்னலாம்.

மாத்திரை மேட்டர் வேறு. அதைப் போட்டதிலிருந்து கணுக்கால் இரண்டும் பன் மாதிரி வீங்குகிறது. ராத்திரியில் நாலு தடவை பாத்ரூமுக்கு ஓட்டம். லிஃப்ட் போய்வருகிற அந்தச் சுவர்க்குழியை நாங்கள் கிணறு என்போம். அதற்குள் இறங்கி இரண்டு மணி நேரம் நிற்கிறவன் அவசரம் என்றால் எங்கே போவது? கூட வேலை செய்கிற ஸ்பேனர் (அவனுக்கு வீட்டில் வைத்த பேர் இல்லை, நான் வைத்தது) என்னைப் பார்த்து நமுட்டுச் சிரிப்புச் சிரிக்கிறான்.

மருந்து இன்னும் அனுப்பு.

உன் அண்ணன்


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு பொட்டலம் அனுப்புகிறேன். கூடவே ஒரு அட்டையும் இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் வைக்கப் போகிற அட்டை. எழுதியது யார்? நான்தான். பொறுக்கும் மேசையில் தமிழ் ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதானாம்.

ஆனால் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் எழுதினது, "இரத்த அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்க உதவலாம்." அச்சாகி வந்திருப்பது, "இரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவும்." மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன். "ஏம்மா, லாம் லாம்னு இழுத்தா எவன் வாங்குவான்?" என்கிறார். 'சிறிதளவு' எங்கே சார் என்றால், "இடம் பத்தலம்மா" என்கிறார். அட்டையில் பாதி இடம் சும்மா கிடக்கிறது, நீயே பார்.

போகட்டும். உன்னைப் பற்றிச் சொல். மருந்து விடாமல் சாப்பிடுகிறாய் அல்லவா? வேலை மும்முரத்தில் மறந்துவிடாதே. இதில் விளையாட்டு வேண்டாம்.

இந்த வாரம் ஒரு மூட்டை விதை முழுக்கப் பூசணம். வெளியே பார்த்தால் பளபளவென்று இருந்தது. உடைத்தால்தான் உள்ளே வெள்ளை. முழு மூட்டையையும் தள்ளிவிட்டேன். மேனேஜருக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கென்ன?

அன்புடன்,
மருந்துக்காரி (நீ வைத்த பேர்தானே, இருக்கட்டும்)


மே 10

அன்புள்ள மருந்துக்காரிக்கு,

அட்டை கிடைத்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். என் தங்கை எழுதினது என்று ஸ்பேனரிடம் காட்டினேன். வாட்ச்மேனிடமும் காட்டினேன். எட்டாவது மாடிப் பல் டாக்டரை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவைத்துக் காட்டினேன்.

இந்த விஷயத்தில் நான் உன் மேனேஜர் கட்சி. பிறந்ததிலிருந்தே நீ 'லாம்' போட்டே பேசுகிறவள். "பார்க்கலாம், யோசிக்கலாம், செய்யலாம்" என்றே மூன்று வரனைத் தட்டிக் கழித்தாய். உதவும் என்றால் உதவும். என் உடம்பே சாட்சி. ஏப்ரல் முதல் வாரம் மருந்துக் கடையில் பிரஷர் பார்த்தேன். நூற்று நாற்பத்தெட்டு! எத்தனை மாசத்துக்குப் பிறகு! அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். அதன் பிறகு பார்க்கவில்லை. நன்றாக இருக்கிற உடம்பை எதற்கு அடிக்கடி அளக்க வேண்டும்?

கேட்டாயே, மருந்து ஒரு வேளையும் தவறவில்லை. காலை, மதியம், ராத்திரி, மூன்று வேளையும். கால் வீக்கம் வடிந்துவிட்டது. பழைய செருப்பு மறுபடி நுழைகிறது. ராத்திரி ஓட்டமும் நின்றது. எழுந்தால் நேராகக் காலைதான். உன் அண்ணி, "என்னங்க, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க" என்கிறாள்.

உன் புண்ணியம்.

உன் அண்ணன்


ஜூன் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கால் வீக்கம் வடிந்த செய்தி படித்ததும் பொறுக்கும் மேசையில் எல்லோருக்கும் சொல்லி ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். மேனேஜர் காதிலும் போட்டுவைத்தேன். "பாத்தியா? நான் சொன்னது சரியா?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

ஒன்றுதான் இடிக்கிறது. மருந்து மூன்று வேளை என்று எழுதியிருக்கிறாய். முன்னால் இரண்டு வேளைதானே? டாக்டர் கூட்டிவிட்டாரா? நன்றாக இருப்பவனுக்கு எதற்குக் கூட்டினார்? ஏதாவது மறைக்கிறாயா? மறைத்தால் நேரில் வந்து உதைப்பேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. விதை காய்வதில்லை. எங்கே பார்த்தாலும் ஊறல் வாடை. தூங்கும்போதும் மூக்கில் அதுதான்.

மருந்துக்காரி


ஜூலை 3

அன்புள்ள மருந்துக்காரிக்கு,

டாக்டர் ஒன்றும் கூட்டவில்லை. நானாகக் கூட்டிக்கொண்டது. நல்லது என்றால் கொஞ்சம் கூடத்தான் இருக்கட்டுமே. நீ பதறாதே.

எழுதக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. இப்போதெல்லாம் காலையில் பிடரியில் ஒரு வலி வருகிறது. யாரோ உள்ளிருந்து முஷ்டியால் தள்ளுகிற மாதிரி. ஒன்பது மணிக்கெல்லாம் போய்விடும். போன செவ்வாய்க்கிழமை கிணற்றுக்குள் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணில் பொறி பொறியாகப் பறந்தது. வெல்டிங் வைக்கிறார்களோ என்று நினைத்துக் கத்தினேன். மேலே யாருமே இல்லை. ஸ்பேனர், "அண்ணே, வீட்டுக்குப் போங்க" என்றான். அவன் வயசு என்ன, என் வயசு என்ன, எனக்குப் புத்தி சொல்கிறான்!

நேற்று மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. சூடுதான். தண்ணீர் குடிப்பது போதவில்லை. காக்கிச் சட்டை என்பதால் ரத்தக் கறை என்று தெரியவில்லை. உன் அண்ணியிடம் கிரீஸ் என்று சொல்லிவிட்டேன். நீயும் வாயைத் திறக்காதே.

இருபதாம் தேதி பெரிய வேலை. நாலு கம்பிவடத்தையும் மாற்றப் போகிறோம். நான்தான் லிஃப்ட் தலைமேல் நிற்க வேண்டும். வேறு யாருக்கும் அந்த நிதானம் கிடையாது.

மருந்து அடியில்தான் இருக்கிறது. சீக்கிரம் அனுப்பு.

உன் அண்ணன்


ஜூலை 9

அண்ணா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. இது சூடு இல்லை. ரத்தம், பொறி, பிடரி வலி, இது எதுவும் சூடு இல்லை. உடனே டாக்டரைப் பார். இருபதாம் தேதி வேலைக்கு வேறு ஆளை நிற்கச் சொல்.

நீ என்ன சொன்னாலும் சரி என்று அண்ணிக்குப் போன் செய்தேன். ரத்தம் வந்ததை நான் சொல்லவில்லை, உன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு. ஒன்றுதான் கேட்டேன். "அண்ணி, அவன் மருந்து ஒழுங்கா சாப்பிடறானா?" என்றேன். "அதெல்லாம் டாண்ணு சாப்பிடறாரு. மூணு வேளையும் என் கண்ணு முன்னாடிதான்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

மருந்தை ஒரு வேளை கூட விடாதே. உயிர் போனாலும் விடாதே. மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார். பார்சல் பின்னால் வருகிறது.

தங்கை


ஜூலை 15

அன்புள்ள மருந்துக்காரிக்கு,

விரைவுத் தபாலில் எல்லாம் கடிதம் போட்டுக் கலெக்டர் மாதிரி மிரட்டுகிறாய். சரி, உத்தரவு. நீ சொன்னபடியே மருந்தை விடவில்லை. அன்றிலிருந்து வேளைக்கு இரண்டு ஸ்பூன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, தூக்கமும் வரவில்லை. ஆனால் நீ அவ்வளவு வற்புறுத்தும்போது விடவா முடியும்? இன்றைக்குக் காலையோடு தீர்ந்தது. உன் பார்சல் இன்னும் வந்துசேரவில்லை.

டாக்டரைப் பார்க்கவில்லை. பார்த்தால் முதல் கேள்வியே, "மாத்திரை போடறீங்களா?" என்றுதான் இருக்கும். ஏப்ரலில் நிறுத்தினதைச் சொன்னால் மனுஷன் குதிப்பார். உன் அண்ணிக்கும் தெரியாது. மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி என் கருவிப் பெட்டியில் அடித்தட்டில் போட்டுவைத்திருக்கிறேன். அவள் கேட்டால் அழுவாள். நீ ஒருத்திதான் என்னைப் புரிந்துகொண்டு, அந்த மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் மருந்து, மருந்து என்று எழுதுகிறாய். எனக்கு அது எவ்வளவு தெம்பு தெரியுமா? கூடப் பிறந்தவள் கூடப் பிறந்தவள்தான்.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். இரண்டு நாளாக வலது கை விரல் மரத்து மரத்துப் போகிறது. காலையில் டீ கிளாஸ் நழுவிவிட்டது. வடத்தை இழுத்து இழுத்து நரம்பு பிசகியிருக்கும். இருபதாம் தேதி வேலை முடிந்ததும் இரண்டு நாள் லீவு போடுகிறேன், போதுமா?

உன் அண்ணன்


ஜூலை 20
ரயிலில்

அண்ணா,

உன் கடிதம் காலை எட்டரைக்கு வந்தது. எட்டே முக்காலுக்கு ஸ்டேஷனில் இருந்தேன். அண்ணி போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. உன் போன் அணைந்திருக்கிறது. கிணற்றுக்குள் இருக்கிறாய் என்று சொல்லிக்கொள்கிறேன். அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை.

இதை நானே கையில் கொண்டு வருகிறேன். நேரில் கத்திச் சொன்னால் உனக்குப் பாதிதான் விழும். பாதி விழுந்த சொல்லால்தான் இவ்வளவும் வந்தது. அதனால் இதைப் படி, என் முன்னால் உட்கார்ந்து படி.

நான் மருந்து என்று எழுதின ஒவ்வொரு இடத்திலும் மாத்திரையைச் சொன்னேன். வெள்ளை மாத்திரை. நடுவில் கோடு போட்டது. டாக்டர் எழுதினது. கொக்கோவைச் சொல்லவில்லை. உலகத்தில் எல்லோரும் மாத்திரையைத்தான் மருந்து என்கிறார்கள். நானும் அப்படிச் சொல்லத் தொடங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நம் வீட்டு வார்த்தையை நீ பத்திரமாக வைத்திருந்தாய். நீ 'மருந்து அனுப்பு' என்றதை நான்தான் விளையாட்டாக எடுத்துவிட்டு மறந்துபோனேன். அண்ணியிடமும் அதையே கேட்டேன். அவரோ கொக்கோவை நினைத்துப் பதில் சொன்னார்.

கால் வீக்கம் மாத்திரையால் வந்தது. மாத்திரையை விட்டதும் வடிந்தது. அதற்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன், அண்ணா. ஊருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நூற்று நாற்பத்தெட்டு என்று சந்தோஷப்பட்டாயே, அன்றைக்கு நீ மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தாய். என் விதை அதில் ஒரு கை கொடுத்திருக்கலாம். லாம்! அந்த லாமை நீ கேலி செய்தாய். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். பூசணம் பிடித்த ஒரு மூட்டைக்காக மேனேஜரோடு மல்லுக்கு நின்றவள், ஒரு எழுத்துக்காகக் கடைசிவரை நிற்கவில்லை.

பதினொன்றே கால். நீ இப்போது கீழே இறங்கியிருப்பாய். ஸ்பேனரோடு டீ குடித்துக்கொண்டிருப்பாய். நான் வந்து இறங்கியதும் அந்தக் கருவிப் பெட்டியைத் திறந்து, அடித்தட்டைக் கவிழ்க்கப் போகிறேன்.

அண்ணி இன்னும் போனை எடுக்கவில்லை.

தங்கை


ஆகஸ்ட் 9
மூன்றாவது வார்டு, ஜன்னல் பக்கக் கட்டில்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தலைமாட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ தூங்குகிறாய். வாயின் வலது ஓரம் தலையணையை நனைக்கிறது, அண்ணி துடைத்துக்கொண்டே இருக்கிறார். ரயிலில் எழுதினதை இன்னும் உனக்குக் காட்டவில்லை. எழுத்து உனக்குப் பிடிபட நாளாகும் என்றார்கள். ஆனாலும் எழுதாமல் எனக்கு இருக்க முடியவில்லை.

ஸ்பேனர் தினமும் வருகிறான். அன்றைக்குப் பத்து மணிக்கு நீ லிஃப்ட் தலைமேல் உட்கார்ந்துவிட்டாயாம். "அண்ணன் உக்காரவே மாட்டாருக்கா. அதான் ஓடிப்போய் லிஃப்ட்ட நிறுத்துற சிவப்பு பட்டனை அமுக்கிட்டேன்" என்றான். அவன் இல்லையென்றால் நாங்கள் இங்கே இல்லை, வேறு எங்கோ இருந்திருப்போம்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பொட்டலத்தைக் காட்டி, "இதுதான் சார் பண்ணுச்சா?" என்று கேட்டேன். மோந்து பார்த்தார். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "இது நல்லதும்மா. அளவா நானே தின்பேன். ஆனா இது சாப்பாடு. சாப்பாட்டுக்கு ஒரு வேலை, மாத்திரைக்கு ஒரு வேலை. அதை நிறுத்திட்டு இதை நம்பினதுதான் தப்பு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் சட்டைப் பையிலிருந்ததை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். என் அட்டை நாலாக மடிந்து, கிரீஸ் விரல் பதிந்து கிடந்தது. 'உதவும்' என்பதற்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு இழுத்திருக்கிறாய். நான் அந்த 'வும்'மை அடித்துவிட்டு 'வலாம்' என்று எழுதினேன். 'சிறிதளவு' எழுதவும் இடம் இருந்தது. தாராளமாக இருந்தது.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். உனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வருகிறது. போன புதன்கிழமை முதல் முதலாகச் சொன்னாய். நாக்கு புரளாமல், இழுத்து இழுத்து, ஆனால் தெளிவாகச் சொன்னாய். "மருந்து." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றாலும் அதுதான். நர்ஸ், "இப்பதானே குடுத்தேன் ஐயா, இன்னும் எந்த மருந்து?" என்கிறாள். அண்ணி அதைக் கேட்கும்போதெல்லாம் வெளியே எழுந்து போய்விடுகிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை. என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவும் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் அவர் இல்லாத நேரத்தில், ஒரு உள்ளங்கையில் வெள்ளை மாத்திரையும் இன்னொன்றில் நாலு துண்டு கொக்கோவும் வைத்து உன் கண் முன்னால் நீட்டினேன். "எது வேணும்ணா?" என்று காதருகில் கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். நீ இந்தக் கையையும் பார்க்கவில்லை, அந்தக் கையையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே, "மருந்து" என்றாய்.

அதற்குப் பிறகும் ஏதோ சொல்ல வாய் கோணிக்கொண்டு போராடியது, வரவில்லை. நீ வைத்த என் பேரைத்தான் சொல்ல வந்தாயா? பாதியில் நின்றுபோயிற்றா? இல்லை, என்னைப் பார்த்து இதற்கெல்லாம் காரணம் எது என்று சொன்னாயா? ராத்திரி முழுக்க யோசித்தேன். உன் கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் அந்த வலது பக்கக் கண் எப்போதுமே கலங்கித்தான் இருக்கிறது என்கிறாள் நர்ஸ்.

எழுத்து பிடிபடும் நாள் வந்ததும் முதலில் இதைத்தான் உன் கையில் கொடுப்பேன். கீழே வழக்கம்போலப் பேர் போடப் போனேன், பேனா ஓடவில்லை. இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீ முழுதாகச் சொன்ன பிறகு போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,